முற்றிய பூசணியிற் செய்யும் சூப்பு

மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையோரத்திலும் மரக்கறி ஆண்டு முழுவதும் ஒரே அளவிற் கிடைப்பதில்லை. மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மாரி காலத்திலேயே பெய்து ஓய்ந்துவிடுகின்றது. அதன் பின்னர் மணல் நிலம் விரைவில் உலர்ந்து, சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் வீட்டுத் தோட்டத்தில் முருங்கையும் சில கீரைகளுமே எஞ்சி நிற்கும். விளைச்சல் முழுவதும் ஒருங்கே சந்தைக்கு வரும்போது விலை வீழ்வதும், கோடையில் அதே பொருளின் விலை ஏறுவதும் இயல்பு. தைமாதத்தில் தன் பூசணிக்காய்களையெல்லாம் குறைந்த விலைக்கு விற்றுத் தீர்த்த கமக்காரன், வைகாசியில் தன் பிள்ளைகளுக்காக ஒரு துண்டுப் பூசணியை அதிக விலை கொடுத்து வாங்க நேர்கின்றது.

இந்நிலை தவிர்க்கத்தக்கதே. நன்கு முற்றிய பூசணிக்காய், குளிரூட்டி இல்லாமலே மாதக்கணக்கிற் கெடாதிருக்கும் மிகச் சில மரக்கறிகளுள் ஒன்று. அதனைச் சேமித்து வைத்து, வாரத்தில் இரு நாள் மென்மையான சூப்பாகச் செய்து கொடுத்தால், பல் முளைக்கும் குழந்தை முதல் பல் விழுந்த முதியவர் வரை வீட்டிலுள்ள அனைவரும் உண்ணலாம். அச்சூப்பு மென்மையாக அமைவதற்கு மாவோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. காயின் முற்றலும், அவிக்கும் முறையும், பாலைச் சேர்க்கும் நேரமுமே அதனைத் தீர்மானிக்கின்றன.

பூசணி வந்த வழி

இங்கே கூறப்படுவது நீற்றுப்பூசணி அன்று. மஞ்சட் சதையுடைய கறிப்பூசணியே ஆகும். மன்னாரிற் பலர் இதனை வட்டக்காய் என்றும் அழைப்பர். இதன் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். தமிழகத்தில் இதற்குப் பறங்கிக்காய் என்னும் பெயர் வழங்குவது, ஐரோப்பியரின் கப்பல்களோடு இது கீழைத் தேசங்களுக்கு வந்ததை நினைவூட்டுகின்றது. மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1560ஆம் ஆண்டிற் கட்டினர். கோட்டை இன்று பாழடைந்து கிடக்க, கொடியோ இந்நாட்டுக்கே உரியதாகிவிட்டது.

பூசணிச் சூப்பு ஏழையின் உணவென்று எவரும் இகழ வேண்டியதில்லை. கரிபியன் கடலிலுள்ள ஹெய்ட்டி நாட்டில் அது விடுதலையின் உணவாகப் போற்றப்படுகின்றது. பிரெஞ்சுக்காரரின் ஆட்சியில் அடிமைகள் அதனைச் சமைத்துக் கொடுத்தனரே அன்றி, தாம் உண்ண அனுமதிக்கப்படவில்லை என்பது அந்நாட்டார் வழங்கும் வரலாறு. 1804ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதி விடுதலை பெற்ற அம்மக்கள், ஆண்டுதோறும் அதே நாளில் அச்சூப்பை ஒருவருக்கொருவர் பகிர்ந்து உண்கின்றனர். 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மானிடத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

காயைத் தெரிந்தெடுத்தல்

பிஞ்சுக் காயில் நீர் மிகுதி; மாச்சத்துக் குறைவு. அதனைச் சூப்பாக்கினால் நீர் வேறாகவும் சதை வேறாகவும் பிரிந்து நிற்கும். முற்றிய காயின் மாச்சத்தே சூப்புக்குத் தடிப்பைக் கொடுக்கின்றது. காயைப் பறித்து வைத்த சில வாரங்களில் அம்மாச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால் இனிப்பும் மிகும். ஆகவே சூப்புக்கு, அன்று பறித்த காயிலும் சில வாரம் இருந்த காயே சிறந்தது.

புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் ஊன்றிய விதையின் காய்கள் பெரும்பாலும் தை, மாசியில் முற்றும். முற்றிய காயைப் பின்வரும் அடையாளங்களால் அறியலாம்.

1. காம்பு பச்சை நிறம் மாறி, உலர்ந்து தக்கை போலாகும்.
2. தோலிற் பெருவிரல் நகத்தை அழுத்தினால் எளிதிற் பதியாது.
3. நிலத்திற் படிந்திருந்த பக்கம் வெண்மை நீங்கி மஞ்சளாகும்.
4. தோலின் பளபளப்பு மங்கும்.

வெட்டிய துண்டாக வாங்குவோர், செம்மஞ்சள் நிறம் ஆழ்ந்ததாகவும் சதை இறுகியதாகவும் உள்ள துண்டையே தெரிதல் வேண்டும். விதையைச் சுற்றியுள்ள நார் நீரூறிக் கிடந்தால் அத்துண்டை விலக்குக.

பாதுகாத்து வைத்தல்

காயைக் கொடியிலிருந்து திருகிப் பறித்தல் கூடாது. கூரிய கத்தியால், 3 முதல் 5 சென்ரிமீற்றர் நீளக் காம்புடன் வெட்டி எடுத்தல் வேண்டும். காம்பு ஒடிந்த காயில் அழுகல் அவ்விடத்திலேயே தொடங்கும். காம்பைப் பிடித்துத் தூக்குவதும் தவறு.

வெட்டிய காயைக் கழுவாமல், மழையும் நேர் வெயிலும் படாத காற்றோட்டமான இடத்தில் 10 முதல் 14 நாள் ஆற வைத்தால் தோல் மேலும் இறுகும். சிறு கீறல்களும் உலர்ந்து மூடும். பின்னர் பனை மட்டையாலோ பலகையாலோ அமைத்த பரணில், ஒன்றையொன்று தொடாதவாறு பரப்பி வைக்கலாம். ஈரத் தரையில் வைத்தலும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதலும் கூடா. வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் காய்களையும் பார்த்து, மென்மை தட்டிய காயை முதலிற் சமையலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு வைத்த நல்ல காய்கள் நம் வெப்பத்திலும் 2 அல்லது 3 மாதங்கள் வரை இருக்கும்.

கிணற்று நீரும் அவித்தலும்

மன்னார்த் தீவின் மணற்பரப்பில், மழையால் ஊறிய நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. கோடையில் நீர் இறைக்க இறைக்க உவர் மேலேறும். இத்தகைய கிணறுகள் சிலவற்றின் நீரில் உப்போடு சுண்ணச் சத்தும் கலந்திருக்கும். மரக்கறியின் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசைப்பொருளை அச்சுண்ணச் சத்து இறுகச் செய்கின்றது. எனவேதான் சில வீடுகளிற் பருப்பும் கிழங்கும் எவ்வளவு நேரம் கொதித்தாலும் கரைவதில்லை. புளியும் தேசிச் சாறும் இதேபோன்று வேகுதலைத் தாமதப்படுத்தும்.

இதற்குப் பரிகாரம் எளிது. பூசணியை நீரில் இட்டுக் கொதிக்க வைக்காமல் ஆவியில் அவித்தல் வேண்டும். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியே இதற்குப் போதும். ஆவியில் உவரும் இல்லை, சுண்ணமும் இல்லை. சதையிலுள்ள சத்துகள் நீரிற் கரைந்து வீணாவதும் குறையும். பருப்பை அவிக்கவும் தேங்காய்ப் பால் பிழியவும் சேமித்த மழைநீரையோ குழாய் வழி வரும் நன்னீரையோ பயன்படுத்துதல் நன்று. குடிநீராகக் கொள்ளும் எந்நீரையும் கொதிக்க வைத்தே எடுத்தல் வேண்டும்.

வேண்டிய பொருள்கள் (ஐவருக்கு)

முற்றிய பூசணி, தோலும் விதையும் நீக்கியது — 750 கிராம்
மைசூர்ப் பருப்பு — 50 கிராம்
சின்ன வெங்காயம் — 100 கிராம்
உள்ளி — 4 பல்
இஞ்சி — சிறு துண்டு
மிளகு, நற்சீரகம் — ஒவ்வொன்றும் 1 தேக்கரண்டி, வறுத்துப் பொடித்தது
தேங்காய் — பாதி
நெய் அல்லது தேங்காயெண்ணெய் — 1 மேசைக்கரண்டி
கறிவேப்பிலை, உப்பு, தேசிக்காய் — அளவாக

செய்முறை

தேங்காயைத் திருவி, முதற்பால் 200 மில்லிலீற்றரும், அதே பூவிற் கப்பிப்பால் 400 மில்லிலீற்றரும் பிழிந்து வேறுவேறாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வெட்டுமுன் காயின் தோலை நன்கு கழுவுக. வெட்டியதும் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்தல் வேண்டும். பூசணிக்காய் கசக்குமாயின் அதனை உடனே எறிந்துவிடுக. கசப்பை உண்டாக்கும் பொருள் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் விளைவிக்கும். சமைத்தாலும் அது நீங்காது.

பருப்பை உப்பிடாமற் குழைய அவித்து எடுக்கவும். பூசணியை ஒரே அளவான சிறு துண்டுகளாக வெட்டி, நீத்துப்பெட்டியில் இட்டு மூடி, 15 முதல் 20 நிமிடம் ஆவியில் வேகவைக்கவும். கரண்டியால் அழுத்தியவுடன் துண்டு உடைதல் வேண்டும். அரைவேக்காடாய் எடுத்தால், பின்னர் எவ்வளவு அரைத்தாலும் சூப்பிற் குறுணி நிற்கும்.

சட்டியில் நெய்யை இட்டு, அரிந்த வெங்காயம், உள்ளி, இஞ்சி ஆகியவற்றை இளந்தீயில் நிறம் மாறாது வதக்கவும். வெங்காயம் கருகினால் சூப்பு கைக்கும். அதன் பொன்னிறமும் கெடும். வதக்கியவற்றை அம்மியில் அரைத்து, பூசணியோடும் பருப்போடும் சேர்த்துச் சூடாக இருக்கும்போதே மரஅகப்பையால் மசித்து, கப்பிப்பால் விட்டுக் கரைக்கவும். கறிவேப்பிலை இட்டு 5 நிமிடம் மெல்லக் கொதித்த பின்னர் இலையை எடுத்துவிட்டு, சுத்தமான அரிதட்டில் ஊற்றி அகப்பையின் புறத்தால் அழுத்தித் தேய்த்து வடிக்கவும். நாரும் கட்டியும் மேலே நின்றுவிட, கீழே வழுவழுப்பான கூழ் இறங்கும். மின்சாரப் பிளெண்டர் உள்ளவர்கள் கலவையை ஆறவிட்டு, பாத்திரத்திற் பாதி அளவே நிரப்பி அரைத்தல் வேண்டும். கொதிக்கக் கொதிக்க அரைத்தால், ஆவி மூடியைத் தள்ளி உடலைச் சுட்டுவிடும்.

வடித்ததை மீண்டும் இளந்தீயில் வைத்து, ஒரு சொட்டை எடுத்துத் தட்டில் விட்டுப் பார்க்கவும். சொட்டைச் சுற்றி நீர் பிரியுமாயின் இன்னும் சில நிமிடம் வற்றவேண்டும். பிரியாது நின்றால் பதம் சரி. அதன் பின்னரே உப்பும் மிளகு சீரகப் பொடியும் முதற்பாலும் சேர்த்துக் கிளறி, கொதி வருமுன் இறக்குதல் வேண்டும். முதற்பால் கொதித்தால் எண்ணெய் பிரிந்து திரிந்துபோகும். தேசிச் சாற்றை உண்ணும்போது தத்தம் கோப்பையிற் சில துளி விட்டுக்கொள்ளலாம்.

ஒடியற்கூழிற் பழகிய நாவுக்கு இச்சூப்பு சப்பென்றிருக்கக் கூடும். அத்தகையோர் கப்பிப்பாலின் ஒரு பங்குக்குப் பதிலாக, கழுவிய இறால் தலைகளையும் ஓடுகளையும் அவித்து வடித்த சாற்றைச் சேர்க்கலாம். பேசாலை, வங்காலை போன்ற மீன்பிடி ஊர்களில் இவை செலவின்றிக் கிடைப்பவை. இறால் ஒவ்வாதவர்களுக்கு இச்சாறு ஆகாது.

குழந்தைகளும் முதியோரும்

பூசணிக்கு மஞ்சள் நிறம் தருவது கரற்றீன் என்னும் பொருள். நம் உடல் அதிலிருந்து விற்றமின் ஏ சத்தை ஆக்கிக்கொள்கின்றது. இச்சத்துக் குறைந்தாற் குழந்தைகளுக்கு மாலைக்கண் உண்டாகும். நோயை எதிர்க்கும் வலிமையும் குன்றும். கரற்றீன் கொழுப்பிற் கரைவது. ஆகவே எண்ணெயோ பாலோ சேராத வெறும் பூசணியிலிருந்து உடல் சிறிதளவையே ஏற்கும். வேகவைத்து மசிப்பதனாற் கலங்கள் உடைந்து சத்து வெளிப்படுகின்றது. தேங்காய்ப் பாலின் கொழுப்பு அதனை உடலிற் சேர்ப்பிக்கின்றது.

6 மாதம் நிறைந்த குழந்தைக்கு, தாய்ப்பாலோடு சேர்த்து, உப்பும் மிளகும் தேசியும் இடாத பூசணிப் பருப்புக் கூழைத் தடிப்பாக ஊட்டத் தொடங்கலாம். நீர்த்த சூப்பு வயிற்றை நிரப்புமேயன்றி வளர்ச்சிக்குப் போதாது. கரண்டியைச் சரித்தால் உடனே வழிந்தோடாத பதமே குழந்தைக்கு ஏற்றது. மாலையிற் பொருள்களைக் காணாது தடுமாறும் குழந்தையை உணவை மட்டும் நம்பி வைத்திராது, உடனே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். நீரிழிவு உடையோர் இச்சூப்பை உண்ணும்போது, அதற்கேற்பச் சோற்றின் அளவைக் குறைத்துக்கொள்வது நன்று.

எஞ்சியவை

தேங்காய்ப் பால் சேர்த்த சூப்பு வெப்பத்தில் விரைவிற் புளிக்கும். சமைத்து 2 மணி நேரத்துக்குள் உண்டு முடித்தல் வேண்டும். பெரிய காயை வெட்டிய நாளில், முதற்பாலும் உப்பும் சேர்க்குமுன் வேண்டிய அளவை எடுத்துக்கொண்டு, மிகுதியை ஆற்றிக் குளிரூட்டியில் வைத்து மறுநாட் பயன்படுத்தலாம். குளிரூட்டி இல்லாத வீட்டார் 2 கிலோகிராமுக்கு மேற்படாத காயை வெட்டுவதும், அயலாரோடு பகிர்ந்துகொள்வதும் சிக்கனமாகும். விதைகளைக் கழுவி, உலர்த்தி, வறுத்தாற் புரதமும் எண்ணெயும் நிறைந்த தின்பண்டம் கிடைக்கும்.

எத்தனை காய் ஒதுக்க வேண்டும்?

2 கிலோகிராம் நிறையுள்ள ஒரு காயில், தோலும் விதையும் போக ஏறத்தாழ 1½ கிலோகிராம் சதை தேறும். அது ஐவர் கொண்ட குடும்பத்துக்கு இரு முறை சூப்புச் செய்யப் போதுமானது. வாரத்துக்கு ஒரு காய் என வைத்துக்கொண்டால், மாசி முதல் வைகாசி முற்பகுதி வரையிலான 12 வாரங்களுக்கு 12 காய்கள் வேண்டும். பழுதாகக் கூடியவற்றுக்கென மூன்றைக் கூட்டினால் 15 காய்கள். முதற் பாரத்தைச் சந்தைக்கு ஏற்றுமுன், காம்போடு கூடிய வடுவற்ற 15 காய்களைத் தெரிந்து பரணில் ஏற்றிவிடுவது கமக்காரனின் கடமை. விலை வீழ்ந்த நாளில் அவற்றாற் பெரும் பணம் வரப்போவதில்லை. கோடையிலோ அவை பிள்ளைகளின் கோப்பையை நிரப்பும்.