நாம் வாழும் தொகுதி: எர்ணாகுளம்

மாணவர்களே, 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19ஆம் நாளிலும் கேரளம் ஏப்ரல் 26ஆம் நாளிலும் வாக்களித்தன. வாக்களிப்பதற்காகச் சொந்த ஊருக்குப் பேருந்தேறியவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம். அவர்கள் நாள்தோறும் உழைத்து வாழும் காக்கநாடு எந்தத் தொகுதியைச் சேர்ந்தது?

காக்கநாடு திருக்காக்கரைச் சட்டமன்றத் தொகுதியில் உள்ளது. திருக்காக்கரை, களமச்சேரி, பறவூர், வைப்பின், கொச்சி, எர்ணாகுளம், திருப்பூணித்துறை ஆகிய ஏழும் சேர்ந்ததே எர்ணாகுளம் மக்களவைத் தொகுதி. மட்டாஞ்சேரி கொச்சிச் சட்டமன்றத் தொகுதிக்குள் அடங்கும்.

இத்தொகுதி மக்களின் தொழில் இடத்துக்கு இடம் மாறுபடும். வைப்பினிலும் செல்லானத்திலும் கடலே வாழ்வு, சேந்தமங்கலத்தில் கைத்தறி, ஏலூரில் உரத் தொழிற்சாலை, கொச்சியில் துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும். காக்கநாட்டிலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகிலேயே 2004இல் தொடங்கிய இன்ஃபோபார்க் வளர்ந்து நிற்கிறது. அங்குக் கணினி முன் அமர்ந்திருப்போரிலும் அக்கட்டடங்களை எழுப்பிய கொத்தனார்களிலும் தமிழர் உண்டு.

வந்து குடியேறியோரால் வளர்ந்த மண் இது. மட்டாஞ்சேரியில் யூதர், கொங்கணியர், குசராத்தியர், கச்சி மேமன்கள் எனப் பலரும் வாழ்ந்த தெருக்கள் அடுத்தடுத்து உள்ளன. ஃபோர்ட் கொச்சியின் வெளியில் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பங்களின் முன்னோர், டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் சீருடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் என்பர். வில்லிங்டன் தீவுக்கு அருகிலுள்ள வாத்துருத்தியில் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று உண்டு. தேர்தல் காலத்தில் அங்குத் தமிழிலும் வாக்குக் கேட்பார்கள்.

இனி, வாக்களிக்கும் போக்கைக் காண்போம். இங்குக் காங்கிரசே பலமுறை வென்றுள்ளது. 2019இல் ஹைபி ஈடன் 1,69,053 வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2024இல் அவ்வேறுபாடு 2,50,385 ஆயிற்று. எனினும் இதனை ஒரே கட்சியின் கோட்டை என்று முடிவுகட்டிவிடுதல் பொருந்தாது. 1967இல் மார்க்சிஸ்ட் கட்சியின் விசுவநாத மேனன் இங்கு வென்றார். பின்னர் 2003, 2004ஆம் ஆண்டுகளில் இடதுசாரிகளின் ஆதரவு பெற்ற சுயேச்சையான செபாஸ்டியன் பால் வென்றார். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஏழு தொகுதிகளுள் காங்கிரசுக்கு நான்கும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு மூன்றும் கிடைத்தன. மக்களவைக்கு ஒரு கணக்கும் சட்டமன்றத்துக்கு வேறொரு கணக்குமாக மக்கள் சிந்திக்கிறார்கள்.

நாடு முழுவதும் இன்று பயன்படும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் இந்தியாவிலேயே முதன்முதலில் 1982இல் பறவூரில், 50 வாக்குச்சாவடிகளில் பயன்படுத்தப்பட்டது. அதில் சிவன் பிள்ளை 123 வாக்குகளில் வென்றார். ஆனால் இயந்திரத்தைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சாவடிகளில் வாக்குச்சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்தது, இம்முறை ஏ.சி. ஜோஸ் வென்றார். சட்டம் திருத்தப்பட்ட பின்னரே இயந்திரம் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது.

பேருந்தேறியவர்களிடம் மீண்டும் வருவோம். ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் வாக்காளராகப் பதிவு செய்யவேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். சொந்த ஊரில் வீடு இருப்பது மட்டும் போதாது. அதேவேளையில், சிறிது காலம் வெளியூர் சென்றதனால் உரிமை போய்விடவும் செய்யாது. இரண்டு தொகுதிகளின் பட்டியலில் பெயர் இருப்பதற்கு இடமில்லை. ஊரிலா, இங்கா என்னும் கேள்வி பணிநிமித்தம் இங்கு வந்துள்ள எனக்கும் உண்டு. காக்கநாட்டின் குடிநீரையும் சாலையையும் பற்றி முடிவெடுப்போரைத் தேர்ந்தெடுக்க இங்குள்ள பட்டியலில் பெயர் வேண்டும். ஊரின் ஏரியையும் பள்ளியையும் பற்றிய முடிவுக்கு அங்கே வேண்டும். இரண்டும் நமக்கு வேண்டியவையாக இருப்பதே சிக்கல். 2021இல் இரு மாநிலங்களும் ஏப்ரல் 6ஆம் நாளிலேயே வாக்களித்ததால், ஊருக்குப் போனவர் அன்று காக்கநாட்டில் இல்லை.

வசிப்பிடம் மாறியவர்கள் படிவம் 8ஐயும் புதிதாகச் சேர்வோர் படிவம் 6ஐயும் அளிக்கவேண்டும். 17 வயது நிறைந்ததும் நீங்களும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 18 வயது நிறைந்தபின் பெயர் பட்டியலில் சேரும்.

செயல்பாடு: உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயர் எந்தத் தொகுதியின் பட்டியலில் உள்ளது, அவ்விடத்தை ஏன் தேர்ந்தெடுத்தனர் எனக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.