விலை குறைந்த காரும் விலை குறையாத உரிமையும்

திருச்சிராப்பள்ளி – திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் அமைந்த மணப்பாறை, முறுக்குக்கும் மாட்டுச் சந்தைக்கும் பெயர்பெற்ற ஊர். சிறிய கார் குடும்ப வாகனமாகவும் தொழில் வாகனமாகவும் ஒருசேரப் பயன்படும் ஊர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டும் ஆகும். வார நாள்களில் கடைக்குச் சரக்கு ஏற்றும் அதே வண்டி விடுமுறை நாளில் குடும்பத்தோடு சமயபுரத்துக்கும் பழனிக்கும் செல்கிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டுவதற்குப் போதுமான அந்த வண்டி, நெடுஞ்சாலையில் ஏறியதும் லாரிகளோடும் பேருந்துகளோடும் 80, 90 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டியதாகிறது. விலையைக் குறைப்பதற்காக உற்பத்தியாளர் எதைக் குறைத்தார் என்பது ஷோரூமில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதை வாங்கும் முன்பே அறிந்துகொள்வதற்கும், குறை வெளிப்பட்டபின் பரிகாரம் பெறுவதற்கும் கடந்த சில ஆண்டுகளில் சட்ட வழிகள் உருவாகியுள்ளன. ஆனால் அவை தாமாக வந்து உதவுவதில்லை, கேட்பவருக்கே, அதுவும் ஆவணத்தோடு கேட்பவருக்கே, பயன்படுகின்றன.

எடையும் உடற்கூடும்

சிறிய காரின் முதல் வரம்பு அதன் எடையாகும். 750 கிலோ எடையுள்ள காரும் 1,500 கிலோ எடையுள்ள காரும் தலா 60 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால், இரண்டும் சேர்ந்து கனமான கார் வந்த திசையில் ஏறத்தாழ 20 கி.மீ. வேகத்தில் நகரும் என்பது அடிப்படை இயற்பியல் கணக்கு. கனமான காரில் இருப்பவரின் வேகம் கணப்பொழுதில் 40 கி.மீ. அளவுக்கு மாற, சிறிய காரில் இருப்பவரின் வேகமோ 80 கி.மீ. அளவுக்கு மாறுகிறது. இந்த வேறுபாட்டை எந்தத் தொழில்நுட்பத்தாலும் முழுமையாக நீக்க முடியாது.

இரண்டாவது வரம்பு உடற்கூடு, அதாவது பயணிகளைச் சூழ்ந்திருக்கும் எஃகுக் கட்டமைப்பு. மோதலின்போது காரின் முன்பகுதி நசுங்கி விசையை உள்வாங்க வேண்டும். பயணிகள் அமரும் பகுதியோ உருக்குலையாமல் நிற்க வேண்டும். பன்னாட்டு வாகனப் பாதுகாப்பு அமைப்பான குளோபல் என்கேப் 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் இந்தியாவில் அதிகம் விற்பனையான மாருதி ஆல்ட்டோ 800, டாட்டா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, வோக்ஸ்வேகன் போலோ ஆகிய ஐந்து கார்களின் ஏர்பேக் இல்லாத அடிப்படை வகைகளை 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. ஆயினும் ஐந்தும் ஒரே காரணத்தால் தோற்கவில்லை என்பதே அச்சோதனையின் முக்கியமான பாடம். ஃபிகோ, போலோ ஆகியவற்றின் உடற்கூடு உறுதியாக நின்றதால் அவற்றில் ஏர்பேக் சேர்த்தாலே பாதுகாப்பு உயரும் நிலை இருந்தது. மற்ற மூன்றின் உடற்கூடு போதிய வலுவின்றிச் சிதைந்ததால் ஏர்பேக் சேர்ப்பது மட்டும் தீர்வாகாது என்று அவ்வமைப்பு குறிப்பிட்டது. எனவே ஒரு காரில் எத்தனை ஏர்பேக் உள்ளன என்பதைவிட, அவை எத்தகைய கூட்டுக்குள் விரிகின்றன என்பது முதன்மையான கேள்வியாகிறது.

கட்டாயத் தரமும் நட்சத்திர மதிப்பும்

அச்சோதனைக்குப் பின் வந்த ஆண்டுகளில் விதிகள் இறுகின. பழைய மாதிரிகள் உட்பட எல்லாப் புதிய கார்களுக்கும், திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பு 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான ஏர்பேக், சீட் பெல்ட் நினைவூட்டல், வேக எச்சரிக்கை ஒலி, பின்புற நிறுத்த உணரி ஆகியவை 2019 ஜூலை முதலும் கட்டாயமாயின; முன்னிருக்கைப் பயணிக்கான ஏர்பேக் 2021-இல் கட்டாயமாயிற்று. ஆறு ஏர்பேக்குகளைக் கட்டாயமாக்க 2022-இல் வரைவு விதி வெளியிடப்பட்டது. பின்னர் அது கட்டாயமாக்கப்படாமல் கைவிடப்பட்டபோதிலும், போட்டியின் காரணமாக 2025-இல் ஆல்ட்டோ கே10 போன்ற தொடக்க நிலைக் கார்களிலும் ஆறு ஏர்பேக்குகள் இடம்பெறத் தொடங்கின.

விற்பனைக்கு அனுமதி பெற ஒரு கார் கடக்க வேண்டிய கட்டாய முன்புற மோதல் சோதனை 56 கி.மீ. வேகத்தில் நடைபெறுகிறது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் என்னும் நட்சத்திர மதிப்பீட்டுத் திட்டத்திலோ அதே சோதனை 64 கி.மீ. வேகத்தில் நடைபெறுகிறது. வேறுபாடு எட்டு கிலோமீட்டர்தான் என்றாலும், மோதல் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், பின்னதில் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் ஆற்றலைக் கார் தாங்க வேண்டியிருக்கிறது. "அரசு அனுமதி பெற்ற கார்" என்ற விற்பனைப் பேச்சு கடைநிலைத் தேர்ச்சியை மட்டுமே உறுதிசெய்கிறது. பாரத் என்கேப் கட்டாயமன்று. உற்பத்தியாளர் விரும்பினால் மட்டுமே அதற்குக் காரை அனுப்புகிறார் என்பதால், மதிப்பீடே இல்லாத காரை வாங்குபவர் அதற்கான காரணத்தைக் கேட்பது முறையானதே.

நட்சத்திரங்களைப் படிப்பதிலும் கவனம் தேவை. முதலாவதாக, முன்புறச் சோதனை ஏறக்குறைய தன் எடையே உள்ள இன்னொரு காருடன் மோதுவதற்கு ஒப்பானது என்பதால், சிறிய காரின் ஐந்து நட்சத்திரமும் பெரிய காரின் ஐந்து நட்சத்திரமும் சமமல்ல. இரண்டாவதாக, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மதிப்பு தனித்தனியாக வழங்கப்படுகிறது. 2023-இல் வெளியான குளோபல் என்கேப் முடிவில் ஆல்ட்டோ கே10 பெரியவர்களுக்கு இரண்டு நட்சத்திரமும் வேகன் ஆர் ஒரு நட்சத்திரமும் பெற்றன, குழந்தைகளுக்கோ இரண்டுமே ஒன்றும் பெறவில்லை. மூன்றாவதாக, 2022-இல் அவ்வமைப்பின் சோதனை முறை கடுமையாக்கப்பட்டதால், அதற்கு முந்தைய மதிப்பைப் பிந்தையதோடு நேராக ஒப்பிடலாகாது. அதே வேளையில் நான்கு மீட்டருக்குட்பட்ட டாட்டா பஞ்ச் 2021-இலும், மாருதி டிசையர் 2024-இலும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்றிருப்பது, நீளம் குறைந்த காரைப் பாதுகாப்பாகவும் வடிவமைக்க முடியும் என்பதைக் காட்டுகிறது.

உரிமையாளரே வரவழைக்கும் ஆபத்துகள்

காரில் உள்ள பாதுகாப்பைப் பயன்படுத்துவோரே செயலிழக்கச் செய்வதும் பரவலாக நடக்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் சீட் பெல்ட் அணியாமல் உயிரிழந்தோர் 16,715 பேர் என்றும், அவர்களில் 8,331 பேர் ஓட்டுநர் அல்லாத பயணிகள் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. பெல்ட் அணியாமலேயே எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்குக் கொக்கியில் செருகப்படும் உலோகத் துண்டுகளை விற்ற ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் ஆணை பிறப்பித்தது. அதன் விளைவாக 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. ஏர்பேக் என்பது பெல்ட்டுக்குத் துணையே தவிர மாற்று அல்ல. பெல்ட் இன்றி முன்னே எறியப்படும் உடலை, கண் இமைப்பதற்குள் விரியும் பை காப்பதற்குப் பதிலாகக் காயப்படுத்தவும் கூடும். 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்வது மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதத்துக்குரிய குற்றமாகும். முன்னிருக்கையில் மடியில் அமர்த்தப்படும் குழந்தை, மோதலில் பெரியவரின் உடலுக்கும் ஏர்பேக்குக்கும் இடையில் சிக்கிக்கொள்கிறது.

முன்புறத்தில் பொருத்தப்படும் இரும்புக் கம்பித் தடுப்பு, அதாவது பம்பர் கார்டு, மாடு குறுக்கே வந்தால் காரைக் காக்கும் என்ற நம்பிக்கையில் வாங்கப்படுகிறது. அது மோதல் விசையை நசுங்கும் பகுதிக்குச் செல்லவிடாமல் நேராகச் சட்டகத்துக்குக் கடத்துவதோடு, ஏர்பேக்கை இயக்கும் உணரியையும் குழப்பக்கூடும் என்பதால், சட்டவிரோதமான அந்த மாற்றத்தின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு 2017-இல் மாநிலங்களை அறிவுறுத்தியது. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் பொறிக்கப்பட்ட நான்கு இலக்கங்களும் கவனிக்கத்தக்கவை. 2321 என்றிருந்தால் அது 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். வயதான, காற்று குறைந்த டயரோடு ஐந்து பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் விரைவது, டயர் வெடிப்பதற்கான எல்லா நிலைமைகளையும் ஒன்றாகக் கூட்டுவதாகும். முழுச் சுமைக்குரிய காற்றழுத்தம் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவோரத்து ஒட்டுவில்லையில் அச்சிடப்பட்டிருக்கும்.

குறையுள்ள காரைத் திரும்பப் பெறுதல்

ஒரே வகைக் கார்கள் பலவற்றில் ஒரே குறை காணப்படும்போது உற்பத்தியாளர் அவற்றை அழைத்துச் செலவின்றிச் சரிசெய்து தருவது ரீகால், அதாவது திரும்பப் பெறுதல் எனப்படுகிறது. 2009-இல் ஒரு லட்சம் ரூபாய்க் காராக அறிமுகமான நானோ சில இடங்களில் தீப்பற்றியபோது, இதற்கெனத் தனிச் சட்டம் இல்லாத நிலையில், 2010-இல் அந்நிறுவனம் கூடுதல் பாதுகாப்புப் பாகங்களை இலவசமாகப் பொருத்தித் தர முன்வந்தது. அது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்த செயலாகவே இருந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு இந்நிலையை மாற்றியது. குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறுமாறு மத்திய அரசு ஆணையிடவும், உற்பத்தியாளர் விலையைத் திருப்பித் தரவோ, வேறு வாகனம் தரவோ, பழுது நீக்கித் தரவோ வேண்டும் என்று பணிக்கவும் அப்பிரிவு வழிசெய்கிறது. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி ஏழு ஆண்டுக்குட்பட்ட வாகனங்கள் இதன்கீழ் வருகின்றன. அரசு கட்டாயப்படுத்திய பின்னரே திரும்பப் பெறும் நிறுவனத்துக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

இத்தகைய அழைப்புகள் அரிதல்ல. சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாரான ரெனோ க்விட் கார்கள் சுமார் 50,000, எரிபொருள் குழாய் தொடர்பான குறைக்காக 2016-இல் அழைக்கப்பட்டன. 2023 ஜனவரியில் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவிக்காக ஆல்ட்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ உள்ளிட்ட 17,362 மாருதி கார்கள் அழைக்கப்பட்டன. அழைப்புக் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்கே செல்லும் வாய்ப்பு மிகுதி என்பதால், செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர் பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸிஸ் எண்ணை உற்பத்தியாளரின் இணையதளத்தில் தாமே உள்ளிட்டுப் பார்த்தல் வேண்டும். பழைய காரை விற்பவருக்கும் ஒரு கடமை உண்டு. பெயர் மாற்றம் நடைபெறாத வரை, பதிவில் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர் என்றும் விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது.

நுகர்வோர் ஆணையத்தின் துணை

ஒரு தனிப்பட்ட காரில் மட்டும் மீண்டும் மீண்டும் பழுது ஏற்பட்டால், அதற்குரிய வழி 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமாகும். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இச்சட்டம் அனுமதிப்பதால், சென்னையிலோ கோயம்புத்தூரிலோ கார் வாங்கிய மணப்பாறைவாசியும் திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளை மாவட்ட ஆணையம் ஏற்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் அளிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. எனவே தன் முறுக்கைத் தானே ஏற்றிச் சென்று விற்பவரும், சொந்தக் காரைத் தானே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோரே.

எதிர்த்தரப்பாக யாரைச் சேர்ப்பது என்பது வழக்கின் போக்கைத் தீர்மானிக்கக்கூடும். 2009-ஆம் ஆண்டுத் தயாரிப்பு 2011-ஆம் ஆண்டுத் தயாரிப்பாகக் கோவாவில் விற்கப்பட்ட வழக்கில், டீலரின் தவறான செயல் உற்பத்தியாளருக்குத் தெரிந்திருந்தது என்று நிறுவாமல் அவரைப் பொறுப்பாக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியது. குறை தயாரிப்பைச் சார்ந்ததா, விற்பனையைச் சார்ந்ததா, பழுதுபார்த்தலைச் சார்ந்ததா என்று தெளிவாகாத நிலையில், உற்பத்தியாளரையும் டீலரையும் சேர்த்தே வழக்காடுவது பாதுகாப்பானது. தயாரிப்புக் குறையை நிறுவத் தொழில்நுட்ப ஆய்வு தேவைப்பட்டால், ஆணையமே தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெறச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு இடமளிக்கிறது.

விபத்தில் ஏர்பேக் விரியாத ஒரு ஹூண்டாய் கிரெட்டா வழக்கில், மோதலின் விசை போதவில்லை என்ற நிறுவனத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ஏற்கவில்லை. வேகம், விசை ஆகியவற்றின் கோட்பாடுகளைக் கணக்கிட்டுப் பார்க்கும் இயற்பியல் அறிஞராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். இழப்பீட்டோடு மாற்று வாகனம் வழங்க வேண்டும் என்ற ஆணையும் நிலைநிறுத்தப்பட்டது. எனவே இத்தகைய விபத்துக்குப் பின், காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்வையிட்டு எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுக்கப்படும் வரை, ஒர்க்‌ஷாப்பில் எந்தப் பாகத்தையும் கழற்ற அனுமதிக்கலாகாது.

விபத்து நேர்ந்தவுடன் சிகிச்சை பெறுவதும் உரிமையே. தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் முதல் பட்டியலிடப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. 2025-இல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம் ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய் அளவுக்குச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. காயமுற்றவரைக் கொண்டுசேர்ப்பவரைப் பெயர் சொல்லுமாறு கட்டாயப்படுத்த இயலாது என்பதால் உதவுவோர் தயங்க வேண்டியதில்லை. அவசர ஊர்திக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, நுகர்வோர் ஆலோசனைக்கு 1915 ஆகிய எண்கள் உள்ளன.

இவ்வளவு உரிமைகளும் காகிதத்தில் நிற்பவை. அவற்றுக்கு உயிரூட்டுவதும் காகிதமே. ஒவ்வொரு முறை காரைப் பழுதுக்கு விடும்போதும், "பிரேக் சரியில்லை" என்று வாயால் சொல்லிவிட்டு வருவதைத் தவிர்த்து, அதே சொற்கள் ஜாப் கார்டில், அதாவது பணி ஏற்புச் சீட்டில், தேதியோடும் ஓடிய கிலோமீட்டரோடும் எழுதப்படுவதை உறுதிசெய்து நகல் பெறுவது, பின்னாளில் வழக்கின் முதல் சாட்சியாகிறது. "பொது சர்வீஸ்" என்று மட்டும் எழுதப்பட்ட சீட்டுகளை அடுக்கிவைத்திருப்பவருக்கு, அதே பழுது எத்தனை முறை வந்தது என்பதை ஆணையத்தின் முன் நிறுவ ஒரு வழியும் இருப்பதில்லை.