பழைய தறி வாங்கும் முன்

கைத்தறியின் மதிப்பு அதன் மரச்சட்டத்தில் இருக்கிறது. அச்சு தேய்ந்தாலும் விழுது அறுந்தாலும் புதிது மாட்டிக்கொள்ளலாம். சட்டம் திருகிவிட்டால் பாவு ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்யும். எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் துணி கோணும். விலை பேசும் முன் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்துவிட வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூட்டு தளர்ந்திருக்கலாம், ஆப்படித்தால் சரியாகும். மூட்டு இறுக்கமாக இருந்தும் அளவு மாறினால் மரமே திருகியிருக்கிறது. அந்தத் தறியை விட்டுவிடுவதே மேல்.

சட்டத்தறியைப் பிரித்துக் கொண்டுபோய் மறுபடி பூட்டலாம். குழித்தறிக்கு வாங்குகிறவர் வீட்டில் குழி வெட்ட இடமும் ஈரம் ஊறாத தரையும் வேண்டும். மரத்தில் குண்டூசித் தலையளவு துளைகளும் அடியில் மாவுபோன்ற புதுத்தூளும் தெரிந்தால், பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டுக் கதவு, நிலைக்கும் பரவும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. தறி கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். வங்கிக் கடனுக்கு ஈடாக எழுதப்பட்டிருக்கலாம். விற்கும் உரிமை இல்லாதவரிடம் நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் பொதுவாகத் தறி வாங்கியவருக்குச் சொந்தமாகாது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாய்ப்பேச்சில் வாங்கியிருந்தால் அதை நிரூபிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். தறியின் வகை, அகலம், சேர்ந்து வரும் பாகங்கள், விலை, தேதி, சொந்தத் தறி, கடன் இல்லை என்ற உறுதி, கையெழுத்து எல்லாம் ஒரே தாளில் அடங்கும்.

விற்பனையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கினால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் துணைக்கு வரும். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பக்கத்துத் தெரு நெசவாளர் தம் சொந்தத் தறியை விற்றதற்கு இந்த வழி பொருந்தாது. சிவில் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும்.

குறை இருப்பதாகப் புகார் சொல்ல நினைப்பவர் அதுவரை தறியைச் செப்பனிடக் கூடாது. செப்பனிட்டபின் பழைய குறையைக் காட்ட முடியாது. பிரிக்கும் முன் படமெடுத்து, மூட்டுகளுக்கு எண் எழுதிவைக்க வேண்டும். உளுத்த இடங்களில் வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைப் பூசி நிழலில் உலர்த்தலாம்; கடும் வெயிலில் மரம் வெடிக்கும். துருப்பிடித்த அச்சு இழையை அறுக்கும் என்பதால் மாற்றிவிடுவது நல்லது. துணி படும் இடங்களில் எண்ணெய் ஆகாது. ஐயம் இருந்தால் சென்னை, காஞ்சிபுரம், சேலத்தில் உள்ள நெசவாளர் சேவை மையங்களில் கேட்கலாம். பட்டுப்பாவு ஏற்றும் முன் சில முழம் பருத்திப் பாவு கட்டி நெய்து பார்த்தால், இரு கரையும் ஒரே இறுக்கத்தில் வருகிறதா என்பது தெரிந்துவிடும்.