நோயுற்ற இளைஞருக்கு யார் துணை?

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் வேலையில்லாத இளைஞருக்கு மருந்து மட்டும் போதாது. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் வேண்டும். ஆயுஷ்மான் பாரத் அட்டை, தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. வீட்டுச் செலவை அல்ல. இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீடு நோய்க்காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம் தருகிறது; அதுவும் வேலையில் இருந்து சந்தா கட்டியவருக்கே. இந்திரா காந்தி மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் கிடைக்க வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதுடன் 80 சதவீத ஊனமும் வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 ஊன வகைகளில் மனநோயும் ஹீமோபிலியாவும் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. வேலைக்கே போகாமல் டயாலிசிஸில் இருக்கும் இளைஞர் இந்தத் திட்டங்களுக்கு நடுவே நழுவி விழுகிறார்.

இப்படிப்பட்டவருக்கு அரசு உதவித்தொகை தர வேண்டும். பணம் தந்தால் சோம்பல் வளரும், பொய்ச் சான்றிதழ் பெருகும் என்பார்கள். சான்று தருவது அரசு மருத்துவர்கள். உதவிக்குக் கால வரம்பு வைத்து, மறுபரிசோதனைக்குப் பிறகே நீட்டிக்கலாம். உடல் தேறாதவரைப் பசி வேலைக்கு அனுப்பாது, மீண்டும் வார்டுக்கே அனுப்பும். நிதி இல்லை என்பது அடுத்த வாதம். அரசியலமைப்பின் 41ஆவது பிரிவும் பொருளாதார வலிமைக்கு உட்பட்டே பேசுகிறது. ஆனால் வேலையின்மையையும் நோயையும் ஒரே வரியில் வைத்து அரசின் உதவியைக் கோருகிறது. இரண்டும் ஒருசேர வாட்டும் இளைஞருக்கே அந்த உதவி முதலில் போய்ச் சேர வேண்டும்.