கடல் படத்துக்கு இன்னொரு கண்

கடலைப் படம் எடுத்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். நேரில் நின்றபோது வானத்தின் நிறமும் பாறையின் ஈரமும் நுரையின் இழையும் ஒன்றாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்து பார்த்தால் வானம் வெளுத்துக் கிடக்கிறது, அல்லது பாறை கரிக்கட்டியாகி இருக்கிறது. இது கேமராவின் கோளாறு இல்லை. நம் கண் வானத்தைப் பார்க்கையில் ஒரு விதமாகவும், பாறையின் நிழலைப் பார்க்கையில் வேறு விதமாகவும் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. கேமராவோ ஒரே கிளிக்கில் இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கிறது. கண் கண்டதற்கும் கேமரா தந்ததற்கும் உள்ள இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் எடிட்டிங்.

நான் நாகர்கோவிலில் அப்பாவின் ஸ்டூடியோவில் வளர்ந்தவள். டார்க் ரூமில் என்லார்ஜருக்குக் கீழே, கம்பியில் ஒட்டிய சின்ன அட்டையை ஆட்டி முகத்துக்கு வெளிச்சத்தைக் குறைப்பதும், நடுவில் ஓட்டை போட்ட அட்டையை வைத்து வானத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டுவதும் அப்பா கற்றுக்கொடுத்த வேலை. பிரிண்டில் நிழல் விழுந்த இடம் வெளுக்கும், வெளிச்சம் விழுந்த இடம் கறுக்கும். இன்று கம்ப்யூட்டரில் ‘டாட்ஜ்’, ‘பர்ன்’ என்று இருக்கும் இரண்டு கருவிகளும் அந்த அட்டைகளின் வாரிசுகள்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கடற்கரைகளில் படமெடுக்கும் இளைஞர்கள் என் வீட்டுத் திண்ணையில் கூடுகிறார்கள். படங்களைப் பரப்பி வைத்துப் பேசுகிறோம். அந்தப் பேச்சிலிருந்து நான் உறுதியாக நம்பும் ஒன்று உண்டு: எடுத்தவருடைய கண் மட்டும் பார்த்துத் திருத்திய கடல் படம் பாதி திருத்தப்பட்ட படம்தான்.

பழைய சிக்கல், பழைய தீர்வு

படத்தைத் திருத்துவது ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் குஸ்தாவ் லெ கிரேயைப் பற்றிச் சொல்வேன். 1856, 57-ஆம் ஆண்டுகளில் கடலைப் படமெடுத்த பிரெஞ்சுக்காரர் அவர். அன்றைய கொலோடியன் கண்ணாடித் தகடு நீல ஒளிக்கு மிக வேகமாக வினைபுரியும். கடல் சரியாகப் பதியும் நேரத்துக்குள் வானம் முழுக்க வெள்ளையாகிவிடும். லெ கிரே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, இரண்டையும் தொடுவானக் கோட்டில் சேர்த்து ஒரே பிரிண்டாகப் போட்டார். பிரான்ஸின் தென்கரையில் செத் என்ற ஊரில் 1857-ல் அவர் எடுத்த ‘பேரலை’ இன்றும் கொண்டாடப்படுகிறது.

அதே காலத்தில் நம் பக்கமும் வானத்தைத் திருத்துவது நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி லின்னேயஸ் ட்ரைப் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தவர். வெறுமையான வானத்துக்கு மேகம் வேண்டும் என்று தன் காகித நெகட்டிவ்களில் கையால் தீட்டிச் சேர்த்திருக்கிறார். படங்களைக் கூடிப் பார்த்துப் பேசும் பழக்கமும் இங்கே புதிதல்ல. மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி தொடங்கப்பட்டதும் அதே 1850-களில்தான்.

ஆனாலும் எல்லை உண்டு. செய்திப் படத்திலும், போட்டிகளின் இயற்கைப் பிரிவிலும் இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை அழிப்பதும் விதிமீறல். நம் கைக்குக் கிடைத்த வெளிச்சத்தைச் சீர்படுத்துவதோடு நிறுத்திக்கொள்வதுதான் எங்கள் திண்ணையின் வழக்கம்.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் வேலை படமெடுக்கும்போதே ஆரம்பிக்கிறது. கேமராவை ‘ரா’ முறையில் வையுங்கள். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். மாலை வானத்தில் ஆரஞ்சு மெல்ல மெல்ல ஊதாவாகும் இடத்தைப் பிறகு இழுத்துத் திருத்தும்போது, ஜேபெக்கில் பட்டை பட்டையாகப் பிளந்துவிடும். ராவில் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்தது நுரை. ஒருமுறை முழு வெள்ளையாக எரிந்துபோன நுரைக்குள் எந்தத் தகவலும் மிச்சமிருக்காது. எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. அதனால் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று கரையிலேயே பார்த்துவிட வேண்டும்.

மென்பொருளுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். கைபேசியில் ஸ்னாப்சீட் இருக்கிறது.

திறந்தவுடன் தொடுவானத்தை நேராக்குங்கள். மலைக்கும் மரத்துக்கும் கொஞ்சம் சாய்வு இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். கடல் துளி சாய்ந்தாலும் பார்ப்பவருக்கு உறுத்தும். அகலக் கோண லென்ஸில் தொடுவானம் படத்தின் மேல் பக்கமோ கீழ்ப் பக்கமோ இருந்தால் வில்போல வளையும். லென்ஸ் திருத்தத்தைப் போட்டால் நிமிர்ந்துவிடும். பிறகு வெள்ளைச் சமநிலை, பிறகு மொத்த வெளிச்சம், அதன் பிறகே வானம், பாறை, நீர் என்று தனித்தனிப் பகுதிகள். எஃப் 16, எஃப் 22 என்று துளையைச் சுருக்கி எடுத்த படங்களில் சென்சார் தூசு வானத்தில் சாம்பல் புள்ளிகளாகத் தெரியும்; அவற்றைத் துடைத்துவிடுங்கள். கூர்மை கூட்டுவது கடைசி வேலை.

கடல் படத்தில் அடிக்கடி தவறும் இடங்கள் இரண்டு. ஒன்று, வானத்தை இருட்டாக்கப் போடும் சரிவு வடிகட்டி, தொடுவானத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் தலையையும் சேர்த்துக் கறுப்பாக்கிவிடும். பாறையை மட்டும் மாஸ்க்கிலிருந்து கழித்துவிட வேண்டும். இரண்டு, வானத்தைக் கடலைவிட இருட்டாக்கிவிடுவது. நீர் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தருகிறது. ஆகவே கடலில் தெரியும் வானம், மேலே இருக்கும் வானத்தைவிடச் சற்று மங்கலாகவே இருக்கும். இந்தக் கணக்கு தலைகீழானால், காரணம் சொல்லத் தெரியாதவர்கூட ‘என்னமோ மாதிரி இருக்கு’ என்பார். நிறத்துக்கும் இதே விதிதான். வானத்தைச் செந்நிறமாக்கிவிட்டு, அடியில் கடலைப் பளிச்சென்ற நீலமாக விட்டால் இரண்டும் ஒரே மாலையைச் சேர்ந்தவையாகத் தெரியாது.

முட்டத்தில் எடுத்த ஒரு படம்

எங்கள் பக்கத்து முட்டம் கடற்கரையின் பாறைகளை ‘அலைகள் ஓய்வதில்லை’ திரைப்படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் குழுவில் நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி, தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஆடி மாதத்தில், அங்கே ஒரு மாலையைப் படமெடுத்து வந்தாள். ஷட்டரை அரை விநாடி திறந்து வைத்ததால், பின்வாங்கும் அலையின் நுரை பாறையைச் சுற்றி வெள்ளை நூலாக ஓடியது. அழகான படம். கடலை மட்டும் ஆழ்ந்த நீலமாக்கி இருந்தாள்.

திண்ணையில் எல்லோரும் பாராட்டினார்கள். பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த பெரியவர், வள்ளத்தில் தொழிலுக்குப் போய் வயதானவர், படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“மக்களே, இது எந்த மாசம்?”

“ஆடி, தாத்தா.”

“ஆனி ஆடிக் கடலு இந்த நீலத்துல இருக்காது மக்களே. மண்ணைக் கெளப்பிக் கலங்கித்தான் கெடக்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள். “அக்கா, நிஜமாவே கலங்கலாத்தான் இருந்திச்சு. நீலம்னா நல்லாருக்கும்னு மாத்துனேன்.”

அன்றிரவு அவள் ரா கோப்பைத் திரும்பத் திறந்தாள். நீலத்தைக் குறைத்து, பழுப்பு கலந்த பச்சையை அப்படியே விட்டாள். உடனே நுரையின் வெண்மை எடுப்பாகத் தெரிந்தது. வானத்தின் செம்மையும் நீரின் பழுப்பும் ஒத்துப்போயின. முதல் படம் எந்தக் கடற்கரையிலும் எடுத்ததாக இருக்கலாம். இரண்டாவது, ஆடி மாதத்து முட்டத்தில் மட்டுமே எடுக்க முடிந்த படம். அந்தத் திருத்தத்தை எங்களில் படம் தெரிந்த யாரும் சொல்லவில்லை, கடல் தெரிந்தவர் சொன்னார்.

கருத்து கேட்பது எப்படி?

‘நல்லாருக்கா?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்றுதான் பதில் வரும். அதில் திருத்த ஒன்றும் கிடைக்காது. நான் சொல்லிக்கொடுக்கும் கேள்விகள் வேறு. உங்கள் கண் முதலில் எங்கே போனது? எங்கே நின்றது? எந்த வழியாகப் படத்தை விட்டு வெளியேறியது? இது எந்த நேரம் என்று நினைக்கிறீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம்; போட்டோகிராபி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கேட்பதற்கு முன் கதை சொல்லாதீர்கள். எவ்வளவு தூரம் நடந்தீர்கள், அலை எப்படி நனைத்தது என்பதெல்லாம் பார்ப்பவரின் கண்ணை உங்கள் பக்கம் சாய்த்துவிடும். முடிந்தால் எட்டுக்குப் பன்னிரண்டு பிரிண்ட் போட்டுக் காட்டுங்கள். முழு வெளிச்சத்தில் வைத்த திரையில் பார்த்துத் திருத்திய படம் காகிதத்தில் இருண்டு வரும். அந்த உண்மையும் அப்போதுதான் தெரியவரும்.

மூன்று விதமானவர்களிடம் கேளுங்கள்: படமெடுப்பவர் ஒருவர், படமே எடுக்காதவர் ஒருவர், அந்த இடத்தில் வாழ்பவர் ஒருவர். அவர்கள் பேசும்போது மறுத்துப் பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். தனித்தனியாகக் கேட்ட இருவர் ஒரே மூலையைக் காட்டினால் அங்கே கட்டாயம் ஏதோ இருக்கிறது. உடனே போய்ப் பாருங்கள். ‘எனக்கு ஊதா பிடிக்காது’ என்பது போன்ற சொற்கள் ருசியைச் சேர்ந்தவை. கேட்டுக்கொண்டு, படம் உங்களுடையது என்பதை நினைவில் வையுங்கள். ரா எடிட்டிங்கில் மூலக் கோப்பு அழிவதில்லை. ஒரு பிரதியைத் தனியாக வைத்துக்கொண்டு மாற்றிப் பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

பிறர் படத்தைப் பற்றிச் சொல்லும்போதும் இதே பொறுப்பு உண்டு. ‘ஏதோ குறையுது’ என்று நிறுத்தாமல், எந்த இடம், ஏன், என்ன செய்தால் சரியாகும் என்று சொல்லுங்கள். எது நன்றாக அமைந்திருக்கிறது என்பதையும் அதே நுணுக்கத்தோடு சொல்லுங்கள். தன் பலம் எதுவென்று தெரியாதவர் திருத்தும்போது அதையும் சேர்த்து அழித்துவிடுவார்.

அடுத்த முறை கடல் படம் ஒன்றை எடுத்தால், உடனே எங்கும் பகிர வேண்டாம். ஓர் இரவு ஆறப்போட்டு, மறுநாள் திருத்தி, பிரிண்ட் போட்டு, அந்தக் கரையில் தொழில் செய்யும் ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் சொல்வதைக் கேட்ட பிறகு படத்தை இறுதி செய்யுங்கள்.