சுத்தத்தை எப்படி அளப்பது?

ஐந்து மாடி அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பொறுப்பு உங்கள் கைக்குப் புதிதாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையில், ஓஎம்ஆர் பக்கம். ஹவுஸ்கீப்பிங் வேலை வெளி ஏஜென்சியிடம் இருக்கிறது. மாதம் பிறந்ததும் பில் வருகிறது, கூடவே வருகைப் பதிவேட்டின் நகல். இத்தனை பேர், இத்தனை ஷிப்ட், ஆள் வராத நாளுக்குப் பிடித்தம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் கட்டடம் அந்த மாதம் சுத்தமாக இருந்ததா என்பதற்கு அந்தக் காகிதக் கட்டில் ஒரு வரிகூட இல்லை.

நம் ஊரில் துப்புரவு ஒப்பந்தம் பெரும்பாலும் ஆள் கணக்கில்தான் போடப்படுகிறது. வாங்குவது சுத்தம், எண்ணுவது தலை. மத்திய அரசின் ஜெம் கொள்முதல் தளத்தில்கூட துப்புரவுச் சேவையை ஆள் கணக்கிலும் எடுக்கலாம், விளைவுக் கணக்கிலும் எடுக்கலாம் என்று இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது வழியில் போக வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை உண்டு. அதற்கு விளைவை அளக்கத் தெரிய வேண்டும். அது தெரியாததால்தான் பலரும் மறுபடி மஸ்டர் ரோலுக்கே திரும்புகிறார்கள்.

அளப்பதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். நாம் கேட்டது செய்யக்கூடிய வேலைதானா? கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் தாளைப் பாருங்கள். மணிக்கு ஒரு தடவை சுத்தம் செய்ததாகக் கையெழுத்து இருக்கும். பல இடங்களில் காலை 8 மணிக் கையெழுத்தும் மாலை 5 மணிக் கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டவை. இதைப் பார்த்ததும் பணியாளரைக் குறை சொல்லத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கழிப்பறையில் கோப்பையும் பேசினுமாக 11 இருக்கின்றன. ஒன்றை முறையாகக் கழுவித் துடைக்க 3 நிமிடம் என்பது இந்தத் தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. அப்படியானால் ஒரு கழிப்பறைக்கு 33 நிமிடம். தளத்துக்கு இரண்டு வீதம் ஐந்து தளத்தில் 10 கழிப்பறை, 330 நிமிடம். மணிக்கு ஒரு முறை, எட்டு மணி நேரம் என்றால் 2,640 நிமிட வேலை. அதற்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது இரண்டு பேர், அதாவது 960 நிமிடம். அந்தத் தாளில் உள்ள பொய்யை எழுதியவர் துடைப்பவர் அல்ல. டெண்டர் தயாரித்தவர் எழுதிய பொய் அது.

அதே இரண்டு பேரை வைத்துச் செய்யக்கூடிய வேலையாக இதை மாற்றலாம். முழுக் கழுவல் நாளுக்கு இரண்டு முறை, 660 நிமிடம். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஆளுக்கு ஒரு மணி நேரம், 120 நிமிடம். மீதி 180 நிமிடம். எட்டிப்பார்த்து, ஈரத்தைத் துடைத்து, குப்பைக்கூடையைக் காலி செய்ய ஒரு கழிப்பறைக்கு 3 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 30 நிமிடம், ஆறு சுற்று வரும். இரண்டும் ஆறும் எட்டு. ஏறக்குறைய மணிக்கு ஒரு வருகை கிடைத்துவிடுகிறது, யாரும் பொய்க் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இந்தக் கணக்கை ஏஜென்சிக்காரரோடு உட்கார்ந்து போடாத ஒப்பந்தத்தில் பின்னால் எந்த அளவுகோலும் நிற்காது.

அடுத்து, முதல் நாள் நிலவரம். ஒப்பந்தம் தொடங்கும் நாளில் இரு தரப்பும் சேர்ந்து கட்டடம் முழுக்க நடந்து, போட்டோ எடுத்து, குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் இது மிக முக்கியம். போர் தண்ணீரில் உப்பு அதிகம். குழாய் அடியிலும் கோப்பை விளிம்பிலும் வெள்ளையாகவும் மஞ்சளாகவும் ஏறி இறுகிய கறை ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது. புது ஏஜென்சி வந்த முதல் மாதமே அதற்கு மதிப்பெண் குறைத்தால், அவர்கள் ஆசிட்டை எடுப்பார்கள். ஆசிட் கறையைப் போக்கும், கூடவே மார்பிளையும் கடப்பாக் கல்லையும் அரிக்கும். இரண்டும் சுண்ணாம்பு வகைக் கற்கள். மதிப்பெண்ணுக்குப் பயந்து செய்த வேலை தரையையே கெடுத்துவிடும். ஃப்ளஷ் ஒழுகுவது, கதவுத் தாழ்ப்பாள் உடைந்தது, சோப்பு வாங்கித் தர நிர்வாகம் மறந்தது எல்லாம் ஏஜென்சியின் கணக்கில் ஏறக் கூடாது. யார் பொறுப்பு என்ற பத்தி சோதனைத் தாளில் தனியாக இருக்கட்டும்.

இனி சோதனைக்கு வருவோம். “தரை சுத்தமாக இருக்கிறதா? நன்று, சுமார், மோசம்” என்று கேட்டால் பதில் பார்ப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. “பேசினுக்குக் கீழே தரை உலர்ந்திருக்கிறதா? சோப்பு இருக்கிறதா? கண்ணாடியில் கறை உண்டா? குப்பைக்கூடை முக்காலுக்குமேல் நிரம்பியிருக்கிறதா?” என்று கேட்டால் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே விடை வரும். அரசு மருத்துவமனைகளுக்காக 2015-இல் மத்திய அரசு தொடங்கிய காயகல்ப் திட்டத்தில் ஒவ்வொரு அம்சத்துக்கும் முழுமையாக இருந்தால் 2, பாதி இருந்தால் 1, இல்லையென்றால் 0. இவ்வளவு எளிதாக இருந்தால் போதும். பத்து நிலை அளவுகோல் வைத்து ஆறுக்கும் ஏழுக்கும் சண்டை போடுவதில் பயனில்லை.

எந்த இடத்தைப் பார்ப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானைக்கு அது சரி, எல்லாச் சோறும் ஒரே கொதியில் வெந்தது. கட்டடம் அப்படியல்ல. வரவேற்பறையும் பின்படிக்கட்டும் ஒரே நாளில் ஒரே கை துடைத்தவை என்று நம்ப முடியாது. இடங்களை எல்லாம் எண்ணிட்டு, கழிப்பறை, பேன்ட்ரி, வேலைத்தளம், படிக்கட்டு, லாபி என்று வகைபிரித்து, ஒவ்வொரு வகையிலும் சீட்டுக் குலுக்கி எடுங்கள். எந்த இடம் வரும் என்று ஏஜென்சிக்கும் தெரியக் கூடாது, உங்களுக்கும் தெரியக் கூடாது. நேரமும் அப்படியே. காலை 9 மணிக்கு எந்தக் கட்டடமும் பளபளக்கும். மதிய உணவு முடிந்து மூன்று மணிக்குப் போனால்தான் உண்மை தெரியும். பார்ட்டிஷன் மேல்விளிம்பு, ஏசி கிரில், கதவின் பின்பக்கம், லிஃப்ட் கதவு ஓடும் தடம் இவற்றை வெள்ளைத் துணியால் ஒரு முறை தடவுங்கள்.

சோதனைக்கு ஏஜென்சி சூப்பர்வைசரும் கூட வரட்டும். மதிப்பெண் அங்கேயே, இருவர் கண்முன்னே போடப்படட்டும். அந்தத் தளத்தை நாள்தோறும் துடைக்கும் அக்காவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தக் குழாய் எத்தனை வாரமாக ஒழுகுகிறது, எந்த மாப்பு தேய்ந்துபோய் மாற்றித் தராமல் இருக்கிறது என்பது உங்கள் பைலில் இருக்காது, அவருக்குத் தெரியும். நான் பார்த்தவரை, இப்படிக் கேட்கும் நிர்வாகிகள் மிகக் குறைவு.

மதிப்பெண்ணைக் கூட்டும்போது எடை போட்டுக் கூட்ட வேண்டும். ஒரு மாதக் கணக்கு: கழிப்பறை 60, பேன்ட்ரி 70, லாபி 98, வேலைத்தளம் 92, படிக்கட்டு 90. வெறும் சராசரி 82. தேர்ச்சி 80 என்றால் தேறிவிட்டார்கள். கழிப்பறைக்கு 35 பங்கு, வேலைத்தளத்துக்கு 25, பேன்ட்ரிக்கு 20, லாபிக்கும் படிக்கட்டுக்கும் பத்துப் பத்து என்று எடை கொடுத்தால் விடை 76.8. தேறவில்லை. இரண்டில் எது உண்மை என்று மூன்றாவது தளத்தில் வேலை செய்யும் பெண்களைக் கேட்டால் தெரியும். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளுக்கான 2021-ஆம் ஆண்டுத் தரநிலை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நோய்த்தொற்று அபாயத்தை வைத்து இடங்களை ஆறாகப் பிரித்து, உச்ச அபாய இடங்களுக்கு 98 சதவீதம், அடுத்து 95, 90, 85, 80, கடைசிக்கு 75 என்று தனித்தனி இலக்கு வைக்கிறது. முதல் வகையை வாரந்தோறும் சோதிக்க வேண்டும், கடைசி வகையை ஆண்டுக்கொரு முறை பார்த்தால் போதும். ஒரே இலக்கை எல்லா இடத்துக்கும் வைத்தால் முக்கியமான இடம் தளர்ந்துவிடும்.

மருத்துவமனை என்று வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கண்ணை நம்ப முடியாது. கட்டில் கம்பியிலும் கதவுப் பிடியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒளிர்பசையை முதல் நாள் புள்ளியாக வைத்துவிட்டு, மறுநாள் புறஊதா விளக்கில் பார்ப்பார்கள். புள்ளி அழிந்திருந்தால் துணி பட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஃபிலிப் கார்லிங் குழுவினர் 23 மருத்துவமனைகளில் இப்படிச் சோதித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், துடைத்திருக்க வேண்டிய இடங்களில் பாதிகூடத் துடைக்கப்படவில்லை. பார்வைக்கு அந்த அறைகள் சுத்தமாகத்தான் இருந்திருக்கும். இன்னொரு முறை ஏடிபி சோதனை. மின்மினியை ஒளிரச் செய்யும் அதே நொதியைக் கொண்டு, பரப்பில் மிச்சமிருக்கும் உயிர்ப்பொருள் எச்சத்தை ஒளியாக அளப்பது. அலுவலகத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. கேன்டீன் நடத்தினால் வெட்டுப்பலகைக்கு ஏடிபி வைத்துப் பார்க்கலாம்.

புகார் எண்ணிக்கையை அளவுகோலாக்காதீர்கள். புதிதாக வாட்ஸ்அப் எண் ஒட்டிய மாதத்தில் புகார் பெருகும். சுத்தம் குறைந்ததாக அதற்குப் பொருளில்லை, சொன்னால் நடக்கும் என்ற நம்பிக்கை வந்திருக்கிறது. புகார் வந்ததும் எவ்வளவு நேரத்தில் ஆள் போனார், அதே இடத்தில் அதே புகார் திரும்ப வந்ததா என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

இதுவரை சொன்னது இடத்தை அளப்பது. ஆட்களை நடத்தும் விதத்தையும் அளக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். மதிப்பெண் குறைந்ததற்கு அபராதம் போடுகிறீர்கள். அது எங்கே போய் விழுகிறது? பில்லில் பெரும்பகுதி கூலி. ஏஜென்சியின் சேவைக் கட்டணம் அதில் சிறு துண்டு. மொத்தத் தொகையில் 5 சதவீதம் பிடித்தால் சிலர் அதைத் துடைப்பவரின் சம்பளத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். சம்பளம் வெட்டுப்பட்டவர் அடுத்த மாதம் வேறு இடம் பார்ப்பார். புது ஆள் வருவார், மதிப்பெண் இன்னும் விழும். அதனால் கூலி, பிஎஃப், ஈஎஸ்ஐ ஆகியவை பில்லில் தனி வரியாக இருக்க வேண்டும், அபராதம் சேவைக் கட்டணத்தில் மட்டுமே என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். சேவைக் கட்டணமே ஒப்புக்கு வைக்கும் அளவு குறைவாக டெண்டர் போட்டிருந்தால் அந்த ஏஜென்சி வேறெங்கோ அதை எடுக்கப்போகிறது. அத்தகைய டெண்டரை ஏற்பதே தவறு என்பேன்.

கூலி விஷயத்தில் சட்டம் உங்களை விலகி நிற்க விடாது. ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தந்தே ஆக வேண்டும், பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே தொடரும் விதி. ஆகவே இதுவும் மாதச் சோதனையில் ஓர் அம்சம்தான். ஜனவரியில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஜூனில் இருக்கிறார்கள்? கையுறை இருக்கிறதா? கழிப்பறைக்குச் சிவப்புத் துணி, பேன்ட்ரிக்குப் பச்சைத் துணி என்று டிராலியில் பிரிந்திருக்கிறதா, ஒரே துணி எல்லா இடத்துக்கும் போகிறதா? ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் ஹவுஸ்கீப்பிங் ஆளைக் கூப்பிட்டு இறக்கும் பழக்கம் உங்கள் கட்டடத்தில் இருந்தால் அதற்கு மதிப்பெண் கிடையாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், இறக்கச் சொன்னவர் உங்கள் ஆளாக இருந்தாலும்.

அடுத்த பில் வரும்போது பிஎஃப் கட்டிய ரசீதோடு ஆள்வாரிப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். வருகைப் பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் அதில் இருக்கிறதா, வங்கியில் போன தொகை பேசிய கூலிதானா, போட்ட சம்பளத்தில் ஒரு பங்கை யாரும் கையில் திருப்பி வாங்கவில்லையா என்று இரண்டு மூன்று பேரிடம் தனியாக விசாரியுங்கள். பதில் சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.