மலையகத்துக்குப் போகும் வழி

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து மலையகத்துக்கு நேரடி ரயில் கிடையாது. முதலில் கொழும்பு சேர வேண்டும். கோட்டை நிலையத்தில் பதுளை ரயில் ஏறினால் ஹட்டனிலோ நானுஓயாவிலோ இறங்கலாம். கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகத் தொடங்கி, பிறகு தேயிலையைச் சுமந்த பாதை இது. 1885-ல் நானுஓயாவை எட்டியது. முன்பதிவு இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நுவரெலியா நகருக்குள் இன்று ரயில் இல்லை. நானுஓயாவிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் ஹட்டனில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ் பிடிப்பார்கள். தோட்டங்களின் உட்பாதைகளில் பெரும்பாலும் ஆட்டோதான் கதி; ஏறுமுன் கட்டணம் பேசிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் மண்சரிவு தண்டவாளத்தை மறிப்பதுண்டு. அந்த நாட்களில் ரயில் ஓடுகிறதா என்று விசாரித்த பிறகே கிளம்ப வேண்டும்.